மூளை ஸ்கேனுக்கு வேவ்லெட் எதற்கு, ஃபூரியே போதாதா?

கேள்வி: பெருந்துறை வாசகர், பிப்ரவரி 4

ஏனுங்க, எம்.இ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைப் படமெடுக்கும் ஸ்கேன்) தரவை வேவ்லெட் வைத்து ஆராயச் சொல்கிறார் கைடு. விரலைத் தட்டு, நிறுத்து, தட்டு, நிறுத்து என்று ஒரே தாளத்தில் போகிற சோதனை. ஃபூரியே போட்டாலே, அதாவது தரவைச் சைன் அலைகளாகப் பிரித்தாலே, அந்தத் தாளம் பளிச்சென்று தெரிகிறது. அப்புறம் எதற்கு வேவ்லெட்? பேப்பர் போடுவதற்கான பந்தா என்றுதான் தோன்றுகிறது. நான் நினைப்பது தப்புங்களா?

பிப்ரவரி 4, இரவு 10.40

பாதி சரி. பந்தாவுக்கு எழுதிய வேவ்லெட் பேப்பர்கள் ஏராளம். என் ஆய்வேடே அந்த ரகம்தான், அந்தக் கதை பிறகு.

எங்கள் வீடு சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டிய செட்டில் எட்டு விசைத்தறி. அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். திடீரென்று தலையைத் தூக்கி, "மூணாந் தறியில நாடா தட்டுது, போய்ப் பாரு கண்ணு" என்பார். எட்டுத் தறி சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசுவதே கேட்காது, அவருக்கு ஊடு நூலோடு ஓடும் நாடா கேட்கும்.

ஒரு மணி நேரத் தறிச் சத்தத்தை ஃபூரியேவில் போட்டால் தாளம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று துல்லியமாகச் சொல்லும். நாடா எப்போது தட்டியது என்று கேட்டால் கையை விரிக்கும். தகவல் தொலையவில்லை, எல்லா எண்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கிறது. சைன் அலைக்குத் தொடக்கமும் கிடையாது முடிவும் கிடையாது, அதனிடம் "எப்போது" என்று கேட்பதில் பயனில்லை. வேவ்லெட் குட்டை அலை. எழும், ஆடும், அடங்கிவிடும். எங்கே அடங்கியது என்பதால்தான் எப்போது என்று சொல்ல முடிகிறது.

பிப்ரவரி 4, இரவு 11.20

தூக்கம் வரவில்லை. காது செய்வதே ஃபூரியேதானே என்று யாராவது வருவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முழுக்க இல்லை. உள்காதில் மேல் சுருதிகளுக்குப் பட்டை அகலம், கீழே வர வர ஒடுங்கும். வேவ்லெட்டும் அப்படித்தான் பிரிக்கிறது. அப்பா செய்தது எது என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 6

பெருந்துறைக்காரர் தரவைப் பற்றி எதுவும் சொல்லாமல் முறையைப் பற்றியே கேட்கிறார். எல்லாரும் செய்கிற தப்பு. முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

எஃப்எம்ஆர்ஐ நரம்பின் மின்துடிப்பை அளப்பதில்லை, ரத்தத்தை அளக்கிறது. ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினுக்குக் காந்தத்தோடு லேசான உறவு உண்டு, ஏற்றியதற்குக் கிட்டத்தட்ட இல்லை. இந்த வித்தியாசத்தைப் படமாக்கலாம் என்று 1990-இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா. மூளையில் ஓரிடம் வேலை செய்தால் அங்கே தேவைக்கு மேலேயே ரத்தம் பாய்கிறது, சிக்னல் கூடுகிறது. உச்சம் வர ஐந்தாறு விநாடி ஆகும். எவ்வளவு கூடும்? நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் மூன்று. அவ்வளவுதான்.

ஒரு படம் 64 × 64 × 30 என்று வைத்தால் 1,22,880 வோக்சல், அதாவது முப்பரிமாணப் புள்ளி. காற்றையும் மண்டையோட்டையும் கழித்தால் ஒரு 30 ஆயிரம். இரண்டு விநாடிக்கு ஒரு படம் என 256 படம் எடுத்தால் 8 நிமிடம் 32 விநாடி. அதாவது 256 எண்கள் கொண்ட 30 ஆயிரம் வரிசைகள், ஒவ்வொன்றிலும் தேடுவது ஒன்றிரண்டு சதவீத அசைவு. தற்செயலாக நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்கிற 0.05 அளவுகோலை அப்படியே வைத்தால், மூளை சும்மா கிடந்தாலும் 1,500 வோக்சல் "வேலை செய்ததாக" எரியும். செத்த சால்மன் மீனை ஸ்கேனில் வைத்து, அதன் மூளையும் எரிவதாக 2009-இல் காட்டிக் கிண்டல் செய்தது இதைத்தான். மேட்டூர் மீனாக இருந்தால் குழம்புக்காவது ஆகியிருக்கும்.

பிப்ரவரி 7

வேவ்லெட் கணக்கைக் கையால் போட்டுக் காட்டச் சொன்னார் ஒருவர். அல்ஃப்ரெட் ஹார் 1910-இல் எழுதியதே போதும். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் சரி.

பால் சொசைட்டியில் எட்டு நாள் காலைப் பால், லிட்டரில்: 6, 8, 7, 7, 5, 3, 6, 6.

இரண்டிரண்டாகச் சராசரி: 7, 7, 4, 6. வித்தியாசத்தில் பாதி: −1, 0, 1, 0. இந்த நாலு எண்ணை ஒதுக்கி வையுங்கள். சராசரிகளை மறுபடி இரண்டிரண்டாக: 7, 5. வித்தியாசத்தில் பாதி: 0, −1. மறுபடி: சராசரி 6, வித்தியாசத்தில் பாதி 1. முடிந்தது. மொத்தச் சராசரி 6. முதல் நாலு நாளுக்கும் பின் நாலு நாளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வது அந்த 1. மற்றவை நுணுக்கம். கூட்டிக் கழித்துப் பின்னோக்கி வந்தால் எட்டு எண்ணும் சேதாரமில்லாமல் திரும்பக் கிடைக்கும்.

ஆறாம் நாள் மாடு 3 லிட்டரோடு நிறுத்திக்கொண்டது. நுணுக்க வரிசையில் மூன்றாவது இடத்தில் 1 என்று நிற்கிறதே, அதுதான். எந்த நாள் பக்கம் மாற்றம் என்பதை அந்த எண் சொல்லிவிடும், காரணம் ஆள் மாற்றமா தீவன மாற்றமா என்பதை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 9

மாட்டிக்கொண்டேன். ஈரோட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "ஒரு நாள் தள்ளி எண்ண ஆரம்பிச்சா என்னங்க ஆகும்?"

(8,7), (7,5), (3,6) என்று ஜோடி மாறும். பாதி வித்தியாசம் 0.5, 1, −1.5. மாடு அதே மாடு, பால் அதே பால், எண்கள் வேறு. சாதாரண வேவ்லெட்டின் பெரிய குறை இது. மூளைத் தரவில் சோதனை ஒரு படம் முந்தியோ பிந்தியோ தொடங்கினால் முடிவே ஆடும். அதனால் ஜோடிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, எல்லாத் தொடக்கத்தையும் கணக்கில் எடுக்கும் முறை வந்தது. எம்ஓடிடபிள்யூடி என்பார்கள். எண்கள் பெருகும், ஆனால் தள்ளினாலும் ஆடாது. நீளம் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ஆய்வேடு எழுதும்போது தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 13

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். பெருந்துறைக்காரரே, தாளத்தைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வேவ்லெட் வேண்டாம். நீங்களே கொடுத்த தாளம், நீங்களே தேடுகிறீர்கள், ஃபூரியே போதும். வேவ்லெட் வேண்டியது இரைச்சலுக்கு.

எஃப்எம்ஆர்ஐ இரைச்சல் வெள்ளை இரைச்சல் இல்லை. இந்த விநாடி ஏறினால் அடுத்த விநாடியும் ஏறியே இருக்கும். அதிர்வெண் குறையக் குறைய வலு கூடும். அதனால் 256 எண் இருந்தாலும் 256 தனித்தனிச் சாட்சி இல்லை. ஒரே வீட்டு ஆட்கள் பத்துப் பேர் பஞ்சாயத்தில் வந்து ஒரே கதை சொன்னால் பத்துச் சாட்சி ஆகுமா? சாதாரணப் புள்ளியியல் ஆகும் என்று எண்ணி ஏமாறும். 2016-இல் எக்லண்ட் குழு, ஓய்வில் எடுத்த ஸ்கேன்களை வைத்துப் புழக்கத்தில் இருந்த மென்பொருள்களைச் சோதித்தது. ஐந்து சதவீதம் இருக்க வேண்டிய பொய் முடிவு, அக்கம்பக்க வோக்சல்களைக் கொத்தாகச் சேர்த்து எண்ணும் கணக்கில், சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. அங்கே பெரிய குற்றவாளி நேரம் இல்லை, அக்கம்பக்க வோக்சல்களின் ஒட்டுறவைத் தவறாக அனுமானித்தது. ஆனாலும் பாடம் அதேதான்: இரைச்சலின் குணம் தெரியாமல் அளவுகோல் வைக்கக் கூடாது.

வேவ்லெட் இந்த மாதிரி இரைச்சலை மட்டம் மட்டமாகப் (பால் கணக்கில் முதல் சுற்று நுணுக்கம் முதல் மட்டம், அடுத்த சுற்று இரண்டாம் மட்டம்) பிரிக்கும்போது, ஒரே மட்டத்து எண்களுக்குள் ஒட்டுறவு பெருமளவு அறுந்துபோகிறது. எட் புல்மோர் குழு 2001-இல் இதைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு மட்டத்திலும் எண்களைக் குலுக்கிப் போட்டுத் திரும்பக் கோர்த்தால், அசலின் ஒட்டுறவு அப்படியே உள்ள, ஆனால் சோதனைக்குச் சம்பந்தமே இல்லாத போலி வரிசை கிடைக்கும். ஆயிரம் போலி செய்து, அசல் அவற்றைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். வேவ்ஸ்ட்ராப்பிங் என்று பெயர்.

நூல் ஆட்களுக்கு: 40-ஆம் நம்பர் கோன்களைத் தங்களுக்குள் இடம் மாற்றலாம், 60-ஆம் நம்பரைத் தங்களுக்குள் மாற்றலாம். இரண்டையும் கலந்தால் துணி கெட்டுவிடும். மட்டம் தாண்டிக் குலுக்கக் கூடாது என்பதும் அதுவே.

பிப்ரவரி 13, கொஞ்ச நேரம் கழித்து

ஒரு எச்சரிக்கையை விட்டுவிட்டேன். 256 எண்ணில் முதல் மட்டத்துக்கு 128 குணகம் (நுணுக்க எண்), நாலாவதுக்கு 16, ஆறாவதுக்கு 4. நாலை எத்தனை விதமாகக் குலுக்குவீர்கள்? 24. ஆயிரம் போலி என்று அறிக்கையில் எழுதினாலும் அந்த மட்டத்தில் இருப்பது 24 தான்.

பிப்ரவரி 15

இரைச்சல் நீக்கத்துக்கு எங்கே வெட்டுவது என்று கேட்டவருக்கு, டொனோஹோ, ஜான்ஸ்டோன் வாய்பாட்டை (எண்ணிக்கையின் இயல் லாகரிதத்தை இரண்டால் பெருக்கி, அதன் வர்க்கமூலம்) தனியாக எழுதியிருந்தேன்: 256 எண்ணுக்கு இரைச்சல் அளவைப்போல் 3.33 மடங்கு, அதற்குக் கீழே உள்ளதைச் சுழியாக்கு. அது வெள்ளை இரைச்சலுக்கு. இரண்டு நாள் முன்னால் நானே இது வெள்ளை இல்லை என்று எழுதிவிட்டு அந்த எண்ணைக் கொடுத்தது மடத்தனம். ஒவ்வொரு மட்டத்துக்கும் இரைச்சலைத் தனியாக அளந்து தனி வெட்டு வையுங்கள்.

பிப்ரவரி 20

சரி, என் ஆய்வேடு.

கோவையில் ஒரு ஸ்கேன் சென்டர். இரவு பத்து மணிக்கு மேல் நோயாளி வராத நேரத்தில் தெரிந்தவர் மூலம் அனுமதி. ஆள் என் மச்சான். பெல்ட்டையும் சாவியையும் கழற்றியவன் அரைஞாணை மறந்து, தொழில்நுட்பர் அலறி, அந்தக் கூத்து தனி. 30 விநாடி வலது கை விரல் தட்டு, 30 விநாடி ஓய்வு. தட்டலோடு தொடங்கினேன். 256 படம்.

தொழில்நுட்பர் கிளம்பும்போது, "முதல் நாலு படத்தைத் தூக்கிடுங்க சார்" என்றார். காந்தமாதல் நிலைக்கு வரும்வரை முதல் படங்கள் கூடுதல் வெளிச்சமாக வரும், எல்லாரும் தூக்குவார்கள். நான் தூக்கவில்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். 256 இரண்டின் எட்டாம் அடுக்கு, 252 ஒன்றுமில்லை. அவ்வளவு அழகான எண்ணைக் கெடுக்க மனசு வரவில்லை.

முடிவு படமாக வந்தது. வலது கையை அசைக்கும் இடது இயக்கப் புறணி எரிந்தது, சரி. முன்மூளையில் ஒரு புள்ளி எரிந்தது, அதற்கு ஒரு அத்தியாயமே எழுதினேன். மூளையைச் சுற்றி விளிம்பில் ஒரு வளையம். நடுவில் மூளைத் தண்ணீர் நிற்கிற அறைகள் ஜெகஜோதியாக. ஆய்வை மேற்பார்த்த மேடம் படத்தைப் பார்த்தார். "விளிம்பில் இருப்பது சாமிக்குப் பின்னால் வைக்கும் திருவாசி. அதை விடுங்கள். விரலை ஆட்டினால் தண்ணீர் யோசிக்குமா?" என்றார்.

திருவாசி வந்தது மச்சான் தலையசைத்ததால். ஒவ்வொரு முறை தட்டச் சொல்லும்போதும் தலை துளி நகர்ந்திருக்கிறது, விளிம்பில் உள்ள வோக்சலில் பாதி மூளை பாதி காற்று, அதனால் அங்கேதான் முதலில் தெரியும். தண்ணீர் வேறு கதை. முதல் படங்களின் மிகை வெளிச்சம் தண்ணீரில்தான் ரொம்ப அதிகம். அது தொடக்கத் தட்டலோடு சேர்ந்து விழுந்தது. போதாததற்கு நான் பயன்படுத்திய வேவ்லெட் மாற்றம் வரிசையின் வாலையும் தலையையும் முடிச்சுப் போட்டு வளையமாக்கும். தொடக்கக் குத்து சுற்றி வந்து கடைசியிலும் கசிந்தது. 512 விநாடியை 60-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி 32. கடைசி அரை நிமிடமும் தட்டல்தான். இரண்டு முனையிலும் என் பொய்க்குச் சாட்சி நின்றது.

கணிதவியலாளர் இன்கிரிட் டோபிஷீயின் எட்டு எண் வடிகட்டி (ஹார் போல இரண்டிரண்டாக இல்லாமல் எட்டு எண்ணைச் சேர்த்துப் பார்க்கும் வேவ்லெட்) எடுத்திருந்தேன். அதில் நாலாம் மட்டத்தின் 16 குணகத்தில் 6 இந்த முடிச்சைத் தொட்டவை. அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல். அன்றைக்கு எண்ணிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21

"தமிழில் சிற்றலை என்று எழுதக் கூடாதா, எதற்கு வேவ்லெட்?" என்று கோபித்துக்கொண்டவருக்கு: ஒரு முறை அப்பாவிடம் சிற்றலை ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்றேன். "பிபிசி தமிழோசை இன்னும் வருதா?" என்று கேட்டார். சிற்றலை எங்கள் வீட்டில் ரேடியோவுக்குப் போய்விட்டது.

பெயர் என்று வந்ததால்: இதற்கு உருவம் கொடுத்த ஜான் மோர்லே எண்ணெய் தேடும் புவியியற்பியலாளர். தரைக்குள் அனுப்பிய அதிர்வு எந்த அடுக்கில் பட்டு எப்போது திரும்புகிறது என்று பார்ப்பதுதான் வேலை. கிராஸ்மனோடு சேர்ந்து 1984-இல் எழுதினார். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி மட்டும் வருகிற ஊரில் இருந்து பார்த்தால் நல்ல பிழைப்புதான். இங்கே இன்னும் தேங்காயை உள்ளங்கையில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

பிப்ரவரி 27

ஒருவர் எழுதுகிறார், இதயத் துடிப்பு ஒரு ஹெர்ட்ஸ், மூளைச் சிக்னல் 0.1-க்குக் கீழே, வேவ்லெட்டில் மேல் மட்டத்தை வீசிவிட்டால் துடிப்பு போயிற்று என்று. போகாது.

கணபதி பக்கம் லேத் பட்டறைக்குப் போயிருக்கிறீர்களா? பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடும் நாலு ஜா சக் (வேலைத்துண்டை நாலு தாடையால் கவ்வும் பிடி) நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும். விளக்கு விநாடிக்கு நூறு தடவை மினுங்குகிறது, சக் விநாடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு மினுக்கலுக்கும் கால் சுற்று, அடுத்த ஜா அதே இடத்துக்கு வந்துவிடுகிறது. நின்றிருக்கிறது என்று கை வைத்தவர்களின் விரல் கதை பட்டறைக்குப் பட்டறை உண்டு.

இரண்டு விநாடிக்கு ஒரு படம் என்பதும் மினுங்கும் விளக்குதான். நிமிடத்துக்கு 66 துடிப்பு, அதாவது 1.1 ஹெர்ட்ஸ், 0.1 ஹெர்ட்ஸாக வேஷம் போட்டு உள்ளே வரும். 62 துடிப்பானால் 0.033. ஓய்வில் இருக்கும் மூளையின் வலையமைப்பை ஆராய 2006-இல் ஆஷார் குழு தேர்ந்தெடுத்த 0.03 முதல் 0.06 வரையுள்ள மட்டம் இருக்கிறதே, அதே இடத்தில் வந்து உட்காரும். வேஷம் படம் எடுக்கும்போதே போட்டாகிவிட்டது, பிறகு எந்த அலை வந்தும் கலைக்காது. துடிப்பைத் தனியாகப் பதிவு செய்து கழியுங்கள், அல்லது வேகமாகப் படம் எடுங்கள்.

தலையசைவுக் குத்துகள் வேறு. அவை குட்டையானவை, வேவ்லெட் பிடிக்கும். 2014-இல் படேல் குழு காட்டிய முறை நல்ல முறை.

மார்ச் 3

பெருந்துறைக்காரர் தன் சோதனையும் 30-க்கு 30 என்கிறார். நிறுத்துங்க! தயவுசெய்து அடுத்த ஆளை ஸ்கேன் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

இரண்டு விநாடிப் படத்தில் மட்டங்களின் எல்லை 0.25, 0.125, 0.0625, 0.031, 0.0156 என்று பாதி பாதியாக இறங்கும். 60 விநாடித் தாளம் 0.0167 ஹெர்ட்ஸ். நாலாம் மட்டத்துக்கும் ஐந்தாம் மட்டத்துக்கும் நடுவில் வரப்பு மேல் நிற்கிறது. வடிகட்டிகள் கத்தி போல வெட்டுவதில்லை, சிக்னல் இரண்டு பக்கமும் வழியும். நான் ஐந்தாம் மட்டத்தை ஸ்கேனரின் மெதுவான சாய்வு என்று சொல்லி வீசினேன், என் சிக்னலில் ஒரு பங்கும் கூடவே போனது. 20-க்கு 20 வையுங்கள். 40 விநாடி, 0.025, நாலாம் வயலின் நட்டநடுவில்.

மார்ச் 4

"அப்போ சோதனையை வேவ்லெட்டுக்காக மாத்தறதா?" ஆமாங்க. தறிக்குத் தகுந்த மாதிரிதான் பாவு ஓட்ட முடியும்.

மார்ச் 10

நேரத்தில் இல்லாமல் படத்தின் இடத்தில் வேவ்லெட் போடுவது பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. எல்லாரும் 8 மி.மீ. காஸியன் (அக்கம்பக்கத்தைச் சராசரியாக்கும் மணி வடிவ வடிகட்டி) கொண்டு படத்தை மெழுகிவிடுகிறார்கள், சின்னப் புள்ளி கரைகிறது. வேவ்லெட் பெரியதைப் பெரிய மட்டத்திலும் சின்னதைச் சின்ன மட்டத்திலும் வைத்துக்கொள்ளும். ருட்டிமன் குழு 1998-இல் அதில் பரிசோதனை நடத்தியது. சிக்கல் என்னவென்றால், குணகத்தை வெட்டிவிட்டுத் திரும்பப் படமாக்கினால் வண்ணம் ஏறிய ஒவ்வொரு வோக்சலுக்கும் என்ன உத்தரவாதம் என்று சொல்ல முடியாது. அதைச் சரிசெய்தவர்கள் வான் டி வில், ப்ளூ, உன்ஸர், 2004-இல். எனக்கு இதில் கைப்பழக்கம் குறைவு, இதோடு நிறுத்துகிறேன்.

மார்ச் 16, இரவு

பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்து மச்சான் தரவை மறுபடி ஓட்டினேன். முதல் நாலு படம் தூக்கியாயிற்று. 252. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இல்லை, பழகிக்கொண்டேன். தள்ளினாலும் ஆடாத மாற்றம், நாலாம் மட்டம், ஐந்தாம் மட்டம் இரண்டையும் வைத்தேன். முனையைத் தொடும் குணகங்களைத் தூக்கிவிடலாம் என்று பார்த்தால் ஐந்தாம் மட்டத்தில் 252-இல் 35 தான் மிஞ்சுகிறது. அதனால் முடிச்சுப் போடாமல், கண்ணாடி போல வரிசையைத் திருப்பி ஒட்டி ஓட்டினேன். தலையசைவை முன்பே கழித்தேன்.

இடது இயக்கப் புறணி நிற்கிறது. வலது சிறுமூளையில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது, வலது கைக்கு வர வேண்டிய இடம்தான், அன்றைக்கு வெளிச்சத்தில் தெரியாமல் போயிருக்கிறது. தண்ணீர் அணைந்தது. திருவாசி மங்கலாக இருக்கிறது, முழுதும் போகவில்லை. அத்தியாயம் எழுதிய முன்மூளைப் புள்ளி இல்லவே இல்லை.

மேடத்துக்குப் படத்தை அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது. மச்சானுக்கும் அனுப்பினேன், "இதுல நான் புத்திசாலியா தெரியறனா?" என்கிறான்.

பெருந்துறைக்காரரே, நீங்கள் கேட்ட நிரல் கோப்பை இப்போது ஏற்றுகிறேன். நாளைக்கு எங்கள் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து கரண்ட் இருக்காது. சந்தேகம் இருந்தால் அதற்குள் கேளுங்கள். 260 படம் எடுங்கள், 256 தானாக மிஞ்சும்.